பருப்பு வேகாத தண்ணீருக்கு எந்த கீசர்?

போன மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை. கீழ் வீட்டுக் குளியலறையில் அம்மா கீசர் சுவிட்சைப் போட்டதும் வீடு மொத்தமும் இருண்டுவிட்டது. போய்ப் பார்த்தால் மெயின் பெட்டியில் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச், விழுந்திருந்தது. தூக்கிவிட்டேன், மறுபடி விழுந்தது. கீசரை அணைத்துவிட்டுத் தூக்கினேன், நின்றது. சரி, ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

ஒன்பது மணிக்கு பிளம்பர் பாய் வந்தார். வேலூர் கஸ்பாக்காரர். எங்கள் வீட்டுக் குழாய்களைப் பற்றி என்னைவிட அவருக்கு அதிகம் தெரியும். கீசரைச் சுவரிலிருந்து இறக்கி, அடிமூடி போல்ட்டுகளைக் கழற்றி, தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட்டை இழுத்தார். வரவில்லை. ஆட்டி ஆட்டி இழுத்ததும் வெள்ளையாக ஒரு கட்டி வந்தது. செம்புக் குழாய் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. டேங்கைக் கவிழ்த்தபோது பழைய பக்கெட்டில் பாதி அளவுக்கு வெள்ளைச் சில்லுகள் கொட்டின. ஒன்றை எடுத்து நசுக்கினேன், முட்டை ஓடு மாதிரி நொறுங்கியது.

"கீசர் கெட்டுப்போகல தம்பி. உங்க தண்ணி அதைத் தின்னுடுச்சு" என்றார் பாய்.

அதற்கு வயது ஆறு. டேங்குக்கு ஏழு வருஷம் வாரண்டி என்று அட்டையில் கொட்டை எழுத்தில் இருந்தது. உப்புத் தண்ணீரால் வரும் சேதம் வாரண்டியில் சேராது என்பது அதே அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது.

அம்மாவுக்கு முட்டி வலி. கோடை தவிர மற்ற மாதங்களில் வெந்நீர் இல்லாமல் முடியாது. அடுத்த பத்து நாள் அடுப்பில் அண்டா வைத்துச் சமாளித்துக்கொண்டே எதை வாங்குவது என்று விசாரித்தேன். கடைக்காரர்கள், பாய், எலக்ட்ரீஷியன், அப்பா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இணையத்தில் கிடைத்த ஒப்பீடுகளோ பெரும்பாலும் குளிர் ஊர்களுக்கு எழுதியவை. அவற்றில் வருஷம் முந்நூறு நாள் வெந்நீர் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். நம் ஊருக்கு அது ஒத்துவராது.

வேலூரில் வெந்நீர் நான்கு மாத விஷயம். பங்குனி பாதியிலிருந்து மொட்டை மாடியில் இருக்கும் கருப்பு டேங்கே கீசர்தான். ஏப்ரல், மே மாதங்களில் மதியம் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் கை பொறுக்காது. பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டுமென்றால் காலையிலேயே பக்கெட்டில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி மழை ஆரம்பித்து மாசி பாதி வரைக்கும்தான் வீட்டில் எல்லோரும் வெந்நீர் கேட்பார்கள். ஏறக்குறைய 120 நாள்.

அந்த நாட்களில் எவ்வளவு கரண்ட் ஆகும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. எத்தனை லிட்டர், எத்தனை டிகிரி ஏற்ற வேண்டும் என்று இரண்டையும் பெருக்கி 860-ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும். மார்கழிக் காலையில் டேங்க் தண்ணீர் 24 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குளிக்க 40 டிகிரி போதும். 20 லிட்டர் பக்கெட், 16 டிகிரி. 320-ஐ 860-ஆல் வகுத்தால் 0.37 யூனிட். எங்கள் வீட்டில் வெந்நீரில் குளிப்பவர்கள் நான்கு பேர் (நான் பச்சைத் தண்ணீர்தான்). ஆக ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட். 120 நாளுக்கு 180 யூனிட், அம்மாவுக்கு மற்ற மாதங்களில் ஒரு 40 யூனிட். யூனிட் ஆறரை ரூபாய் என்று போட்டாலும் வருஷச் செலவு 1,500 ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. வீணாவதையும் சேர்த்தால்கூட 2,000-ஐத் தாண்டாது.

இந்த எண் கைக்கு வந்த பிறகு கடைகளில் என் பேச்சே மாறிவிட்டது. "இது பாதி கரண்ட்டை மிச்சம் பண்ணும் சார்" என்று யார் சொன்னாலும், அந்தப் பாதி என்பது வருஷத்துக்கு 700, 800 ரூபாய்தான் என்று தெரிந்துவிட்டதே. செலவு உண்மையில் வேறு இடத்தில் இருந்தது. ஆறு வருஷத்துக்கு ஒரு கீசரைத் தூக்கிப் போட்டால் அந்தக் கணக்கில் மட்டும் வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகிறது. கரண்ட்டைவிடத் தண்ணீரைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: தண்ணீரில்லாத ஆறு, சாமியில்லாத கோயில் என்று போகும் அந்தப் பட்டியல். சாமி 1981-ல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். ஆறு, நம் பாலாறு, 2021 நவம்பரில் ஒரு தடவை இரண்டு கரையும் புரண்டு ஓடி ஊரை மிரட்டிவிட்டுப் போனது. மற்றபடி நமக்கு போர்வெல்தான். காவிரி கூட்டுக் குடிநீர் வரும் தெருக்களிலும் அது குடிக்கவும் சமைக்கவுமே சரியாகப் போகிறது. குளிக்க, துவைக்க, கீசருக்கு எல்லாம் போர் தண்ணீர். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, எவர்சில்வர் குடத்தின் கழுத்தில் வெள்ளை வளையம் விழும்.

எங்கள் சத்துவாச்சாரி போர் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்தேன், 1,380 காட்டியது. அந்த மீட்டர் கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும், கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது. அதை லேப்பில் கொடுத்துப் பார்த்ததில் லிட்டருக்கு 620 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 200. வேறு வழியே இல்லையென்றால் 600 வரை போகலாம் என்கிறார்கள். நாங்கள் அதையும் தாண்டியிருந்தோம்.

இந்தத் தண்ணீரில் இரண்டு தொல்லைகள் ஒளிந்திருக்கின்றன, இரண்டும் வேறு வேறு. ஒன்று சுண்ணாம்பு. சர்க்கரை சுடு தண்ணீரில் நன்றாகக் கரையும், சுண்ணாம்பு இதற்கு நேர் எதிர். தண்ணீர் சூடாகச் சூடாக அது பிரிந்து வந்து, எது அதிகம் சூடாக இருக்கிறதோ அதன் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். கீசரில் அது எலிமென்ட்தான். ஒட்டிய படிவம் சூட்டை வெளியே விடாது, உள்ளே எலிமென்ட் அளவு மீறிச் சூடேறி ஒரு நாள் வெடிப்பு விடும். எங்கள் வீட்டில் ஆர்சிசிபி விழுந்தது அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீருக்குள் கரண்ட் கசிந்ததால்தான். ஆர்சிசிபி இல்லாத வீடாக இருந்திருந்தால் அம்மா தண்ணீரில் கை வைத்திருப்பார்கள். அதற்கு மேல் யோசிக்க விரும்பவில்லை.

இன்னொன்று உப்பு, அதாவது குளோரைடு. டேனரிகளில் பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பில் போட்டு வைப்பார்கள். அதைக் கழுவிய தண்ணீர் பல பத்தாண்டுகளாகப் பாலாற்றங்கரை நிலத்தடியில் இறங்கியிருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, விஷாரம், ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வந்த வழக்கு அது. குளோரைடு அதிகமுள்ள சுடுதண்ணீர் சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே, அதிலும் வெல்டிங் வைத்த இடங்களில், குண்டூசி முனை அளவுக்கு அரித்து ஓட்டை போட்டுவிடும். "எவர்சில்வர் டேங்க் சார், துருவே பிடிக்காது" என்று விற்பார்கள். நல்ல தண்ணீர் ஊரில் அது உண்மையாக இருக்கலாம். நம் பக்கத்தில் கண்ணாடிப் பூச்சு போட்ட டேங்க்தான் என் தேர்வு. அதற்குள் மக்னீசியம் ராடு ஒன்று தொங்கும். டேங்கை அரிக்க வரும் தண்ணீருக்குத் தன்னைத் தின்னக் கொடுத்து டேங்கைக் காப்பது அதன் வேலை. உப்புத் தண்ணீரில் அது சீக்கிரம் கரையும். கரைந்து முடிந்ததைப் பார்க்காமல் விட்டால் அடுத்து டேங்க். எங்கள் பழைய கீசரில் ராடு இருந்த இடத்தில் ஒரு கம்பி மட்டும் இருந்தது. ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட யாரும் திறந்து பார்க்கவில்லை. குற்றம் பாதி என் மேல்தான்.

இனி ஒவ்வொன்றாக.

ஸ்டோரேஜ் கீசரில் 10, 15, 25 லிட்டர் என்று பல அளவுகள். 15 லிட்டர் டேங்கில் 60 டிகிரிக்குச் சூடாக்கிப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் குளிக்கும் சூட்டில் 34 லிட்டர் கிடைக்கும், ஒன்றே முக்கால் பக்கெட். 2,000 வாட் எலிமென்ட் அதைச் செய்ய இருபது நிமிடம் எடுக்கும். நான்கு பேர் அடுத்தடுத்து குளிக்கும் வீட்டுக்கு நடுவில் கொஞ்சம் காத்திருந்தால் 15 போதும். ஷவரில் நின்று குளிக்கும் பிள்ளைகள் இருந்தால் 25. விலை 15 லிட்டருக்கு ஆறாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் வரை சொன்னார்கள்.

கடையில் நட்சத்திரத்தைக் காட்டித்தான் விலையை ஏற்றுவார்கள். கீசரில் நட்சத்திரம் எதற்குத் தருகிறார்கள் தெரியுமா? சூடான தண்ணீரை அப்படியே வைத்திருந்தால் 24 மணி நேரத்தில் எவ்வளவு சூடு வீணாகிறது என்பதற்கு. சுவிட்சை நாள் முழுக்கப் போட்டே வைத்திருக்கும் வீட்டுக்கு அது பெரிய விஷயம். இருபது நிமிடம் போட்டு, குளித்து, அணைத்துவிடும் வீட்டில் மூன்று நட்சத்திரத்துக்கும் ஐந்துக்கும் பில்லில் சொல்லும்படியான வித்தியாசம் வராது. அந்தக் காசை எலிமென்ட்டில் போடுங்கள். வெறும் செம்பு எலிமென்ட்டைவிட இன்கலாய் (நிக்கல் கலந்த உலோகக் கலவை) எலிமென்ட், அல்லது கண்ணாடிப் பூச்சு போட்டது, சுண்ணாம்பைத் தாங்கும்.

சூட்டை 50 டிகிரியில் வைப்பது இன்னொரு பாதுகாப்பு. 60-ஐத் தாண்டினால் படிவம் வேகமாகச் சேரும். தவிர 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளிலேயே தோலைச் சுட்டுவிடும். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்த பெரியவர்களுக்கு அது தெரியவும் தெரியாது.

இன்ஸ்டன்ட் கீசர், அந்த 3 லிட்டர் குட்டி, மூவாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. சமையலறையில் கை கழுவ, பாத்திரம் தேய்க்க நல்லது. குளிக்க என்றால் 3,000 வாட்டில் நிமிடத்துக்கு 2.7 லிட்டர்தான் 16 டிகிரி ஏறும், ஒரு பக்கெட் நிறைய ஏழு நிமிடத்துக்கு மேல். அதுகூடப் பரவாயில்லை. சின்ன டேங்கில் பெரிய எலிமென்ட், அதனால் சுண்ணாம்பு ஒட்டுவதும் வேகம். "நம்ம தண்ணிக்கு ரெண்டு வருஷம்" என்றார் பாய். பட்டியலில் இருந்து எடுத்துவிட்டேன். குடியாத்தம் பக்கம் எங்கள் சொந்த ஊரைப் போல வோல்டேஜ் விழும் இடங்களில் இது இன்னும் மோசம். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் 3,000 வாட் எலிமென்ட் 1,840 வாட்டாகிவிடும். ஸ்டோரேஜ் கீசர் என்றால் கூடுதலாகப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு வேலையை முடித்துவிடும். இதில் குழாயிலிருந்து வெதுவெதுப்புதான் வரும்.

கேஸ் கீசர் பற்றி என் மனைவிக்கு ஆசை. குழாயைத் திறந்ததும் கொதிக்கக் கொதிக்க வருகிறது, கரண்ட் போனாலும் கவலையில்லை, இரண்டு பேட்டரி செல் போதும். விலையும் ஐந்தாறாயிரம்தான். 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் பார்த்தால், கரண்ட் யூனிட் ஆறு ரூபாய்க்கு வாங்குவதும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். கரண்ட் பில் எந்தப் படியில் நிற்கிறது என்பதுதான் இங்கே தீர்மானிக்கும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டும் வீடு என்றால் மேலே ஏறும் ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல், கீழ்ப்படிச் சலுகையிலும் கொஞ்சம் போய்விடும். அந்த வீடுகளுக்கு கேஸ் கொஞ்சம் மலிவு. எங்கள் பில் குளிர்காலத்தில் 400-ஐ ஒட்டி நிற்பதால் எங்களுக்கு ஆதாயமில்லை.

கேஸ் கீசரில் யாரும் சொல்லாத ஒரு சிக்கல், தண்ணீரின் அழுத்தம். தண்ணீர் தள்ளும் வேகத்தில்தான் அதன் வால்வு திறந்து தீப் பற்றும். மாடி இல்லாத வீட்டில், தளத்தின் மேலேயே டேங்க் வைத்திருந்தால், குளியலறைக்கும் டேங்குக்கும் இடையே பத்தடி உயரம்கூட இருக்காது. குழாயை முழுக்கத் திறந்தாலும் கீசர் 'டிக் டிக்' என்று தட்டிக்கொண்டே இருக்கும், பற்றாது.

பெரிய பயம் வேறு. கேஸ் எரியும்போது காற்று போதவில்லையென்றால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை. குளிருக்குச் சன்னலையும் சாத்திக்கொண்டு குளிப்பவர் மயங்கி விழுவதற்கு முன் எதுவும் தெரியாது. இதற்கு ஒரே வழி கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்று வரும் இடத்தில் மாட்டுவது. தண்ணீர்க் குழாய் மட்டும் உள்ளே வரலாம். எங்கள் கீழ் வீட்டில் அப்படி ஒரு வெளிச்சுவரே இல்லை. மனைவியும் ஒத்துக்கொண்டாள், சந்தோஷமாக இல்லை.

அப்புறம் சோலார். நண்பர்கள் எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். வேலூர் வெயிலை வைத்துக்கொண்டு சோலார் போடாதவன் முட்டாள் என்பது ஒருவரின் தீர்ப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெயில் எப்போது அடிக்கிறது, வெந்நீர் எப்போது வேண்டும் என்று பார்க்க வேண்டாமா? சித்திரையில் மாடியில் 100 லிட்டர் கொதித்துக்கொண்டிருக்கும், கேட்க ஆளிருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் என்று நான்கு நாள் தொடர்ந்து மூடிக்கொண்டால், அம்மா வெந்நீர் கேட்கும் அந்த நான்கு நாளும் டேங்கில் பச்சைத் தண்ணீர்தான். அதற்கு உள்ளேயே ஒரு எலிமென்ட் வைத்துத் தருவார்கள். அதைப் போட்டால் ஒரு பக்கெட்டுக்காக 100 லிட்டரையும் சூடாக்க வேண்டும், நான்கு யூனிட்டுக்கு மேல் ஓடும். கீசராக இருந்தால் அரை யூனிட்டில் முடிந்திருக்கும். நியாயமாகச் சொன்னால் தை, மாசியில் சோலாருக்கு இணை கிடையாது. காலையில் பனி, ஒன்பது மணிக்கு மேல் பளிச்சென்று வெயில்.

கண்ணாடிக் குழாய் வைத்த மாடல் 100 லிட்டருக்கு இருபதாயிரத்தை ஒட்டியும், செம்புக் குழாய் பதித்த தட்டு மாடல் முப்பதாயிரத்துக்கு மேலும் சொன்னார்கள். உப்புத் தண்ணீருக்குச் செம்பு மாடல் வேண்டாம். மெல்லிய குழாய்களில் சுண்ணாம்பு அடைத்துக்கொண்டால் தண்ணீர் மேலேறுவதே நின்றுவிடும். தனித் தண்ணீர் சுற்றும்படி வெப்பமாற்றி வைத்த மாடல் என்றால் சரி, விலை இன்னும் ஏறும். கண்ணாடிக் குழாய் அகலமானது, கழற்றிக் கழுவலாம். ஆனால் மலையோரத் தெருக்களில் குரங்கு வந்தால் முதலில் போவது அதுதான். இன்னொன்று, பச்சைத் தண்ணீர் டேங்க் சோலார் டேங்கைவிட உயரத்தில் இருக்க வேண்டும். எங்கள் டேங்க் மூன்றடி மேடையில் நிற்கிறது, ஏழெட்டு அடிக்குத் தூக்க வேண்டும் என்றார்கள். ஸ்டாண்ட், குழாய், கொத்தனார் என்று இன்னொரு பத்தாயிரம். மாடியிலிருந்து கீழ் வீட்டுக்கு வரும் ஐம்பது அடிக் குழாயில் தினமும் முதல் ஐந்து லிட்டர் ஆறிப்போனதாகத்தான் வரும், அதைப் பிடித்துச் செடிக்கு ஊற்ற வேண்டும்.

முப்பதாயிரத்தைப் போட்டு, வருஷத்துக்கு 1,500-ல் ஒரு பகுதியை மிச்சம் பிடிப்பது என்றால் போட்டது திரும்புவதற்குள் என் பையனுக்குக் கல்யாணமே ஆகிவிடும். பெங்களூரில் வருஷம் முழுக்க வெந்நீர் வேண்டும், அங்கே வீட்டுக்கு வீடு மாடியில் சோலார் இருப்பதில் அர்த்தம் உண்டு. நம் பழைய வட ஆற்காட்டிலேயே ஏலகிரி மேல் தங்கும் விடுதி நடத்துபவருக்கும், பத்துப் பேர் குளிக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும் கணக்கு வேறு. சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியிருக்கும் லாட்ஜுகளைப் பாருங்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்குகிறார்கள், நோயாளிக்குக் கோடையிலும் வெந்நீர் வேண்டும். அங்கே சோலாரும், சோலார் போட இடமில்லாவிட்டால் ஹீட் பம்ப்பும் நல்ல முதலீடு. ஹீட் பம்ப் என்பது ஏசியைத் திருப்பி வைத்தது மாதிரி, காற்றிலிருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீரில் விடுகிறது. ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் அளவு சூடு கிடைக்கும். நம் ஊர்க் காற்றில் சூட்டுக்கா பஞ்சம்? ஆனால் அரை லட்சத்துக்குக் குறைந்து கிடைப்பதில்லை. நான்கு பக்கெட்டுக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

அப்பாவின் கட்சி செம்பு பாய்லர். நடுவில் புகைபோக்கி, அதைச் சுற்றித் தண்ணீர், கீழே நெருப்பு. ஊர் வீட்டில் தாத்தா காலத்து பாய்லர் இன்னும் இருக்கிறது. தென்னை மட்டை, வேலிகாத்தான் விறகு, மல்லாட்டை (வேர்க்கடலை) தோல், எது கிடைக்கிறதோ அதைப் போடுவார்கள். மேலே பச்சைத் தண்ணீர் ஊற்ற ஊற்றக் குழாயில் வெந்நீர் வழியும். "அதுல குளிச்சா உடம்பு வலி போயிடும்டா, உன் கீசர்ல இன்னா இருக்குது?" என்பார் அப்பா. ஒரு விஷயத்தில் அவர் சொல்வது சரி. நாற்பது வருஷமாக அதே உப்புத் தண்ணீரைக் குடித்தும் அது சாகவில்லை. உள்ளே கெட்டுப்போக எதுவுமில்லை, சுண்ணாம்பு சேர்ந்தால் தட்டிக் கொட்டலாம், தடிமனான செம்பு. லாங் பஜாரில் விசாரித்தேன். செம்பு எடைக்கு விலை, சின்ன பாய்லரே பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. பணத்தைவிட, சத்துவாச்சாரியில் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் காலை ஐந்து மணிக்குப் புகை போட்டால் பக்கத்து வீட்டு அக்கா என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். கொல்லை இருக்கும் வீட்டுக்காரர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

பக்கெட்டில் போடும் ஹீட்டர் ராடு ஐந்நூறு ரூபாய். ஒரு சொட்டுக் கரண்ட் வீணாகாது, சுண்ணாம்பு ஒட்டினால் எலுமிச்சை உப்பில் ஊறவைத்துத் துடைத்துவிடலாம். ஹாஸ்டல் பிள்ளைகளின் சாமான். அணைக்காமல் கையை விடும் ஒரு நாள் போதும் என்பதால் வயதானவர்களும் குழந்தைகளும் இருக்கும் வீட்டுக்குள் இதை விட மாட்டேன்.

கடைசியில் 15 லிட்டர் ஸ்டோரேஜ் கீசரே வாங்கினேன். கண்ணாடிப் பூச்சு டேங்க், இன்கலாய் எலிமென்ட், மூன்று நட்சத்திரம், 7,800 ரூபாய். குளிக்கும் அறைக்கு முன்னால் பாலிபாஸ்பேட் உருண்டைகள் போட்ட சின்ன ஃபில்டர் ஒன்றை பாய் மாட்டினார். அது கடினத்தன்மையை எடுக்காது, சுண்ணாம்பு கெட்டியாக ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும் அவ்வளவுதான். உருண்டை கரைந்ததும் மாற்ற வேண்டும். வீடு முழுவதற்கும் கடினத்தன்மையையே எடுத்துவிடும் சாஃப்ட்னர் வைப்பது பற்றிக் கேட்டேன். சரியான தீர்வு அதுதான், ஆனால் விலையும் உப்பு மூட்டையும் இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். குழாய்க்கு வெளியே காந்தம் கட்டுகிற சாமானும் ஒருவர் காட்டினார். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மாட்டும்போது எலக்ட்ரீஷியன் 16 ஆம்பியர் பிளக்குக்குத் தனி ஒயரும் எர்த்தும் இழுத்தார். கீசரின் அடியில் இருக்கும் வால்விலிருந்து சூடாகும்போது ஒன்றிரண்டு சொட்டு விழும். அது ஒழுக்கு இல்லை, விரிந்த தண்ணீர் வெளியேறும் வழி. பழைய கீசரில் அந்தச் சொட்டு எரிச்சலாக இருக்கிறதென்று யாரோ மூடி போட்டு அடைத்திருந்தார்கள். தெர்மோஸ்டாட் கெட்டிருந்தால் டேங்க் வெடித்திருக்கும் என்றார் பாய். யார் அடைத்தது என்று கேட்டதற்கு அப்பா பேப்பர் படிப்பதில் மும்முரமாகிவிட்டார்.

இந்த ஐப்பசி முதல் வாரத்தில், மழைக்கு முன், பாயை வரவழைத்துத் திறந்து பார்த்தோம். எலிமென்ட் மேல் மெல்லிசாக வெள்ளைப் பூச்சு, துணியால் துடைத்ததும் பாதி வந்துவிட்டது. மக்னீசியம் ராடு கட்டை விரல் தடிமனில் போனது, பென்சில் மாதிரி திரும்பி வந்தது. "இன்னும் ஆறு மாசம் ஓடும், ஆனா மாத்திடுங்க" என்று பாய் புது ராடை முறுக்கி மூடினார். பழையதை அப்பா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொண்டுபோய் வாசல் தென்னை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தார். மக்னீசியம் மரத்துக்கு நல்லதாம்.